அவள் எப்போதும் நிற்கிற இடம்

மாசி மாதத்தில் ஒரு காலை. எங்கள் சங்கச் செயலாளர் ஸ்டாண்டு போடக்கூட நிற்காமல், ஸ்கூட்டியை என் வீட்டுச் சுவரில் சாய்த்துவிட்டு ஓடி வந்தாள். சாதாரணமாக நிதானமான பெண். அந்த ஓட்டத்தைப் பார்த்ததுமே மில்லில் யாருக்கோ அடிபட்டிருக்கிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது.

"பெல்ட்ல முந்தானை சிக்கிடுச்சும்மா. வலது கை போயிடுச்சு. திருத்துறைப்பூண்டியில பாத்துட்டு தஞ்சாவூருக்கு அனுப்பிட்டாங்க."

"யாருக்கு?"

"எலிவேட்டர் குழி அக்காவுக்கு."

அவளை எனக்கு நன்றாகத் தெரியும். நாற்பதைத் தாண்டியவள். சங்கக் கூட்டத்துக்கு வந்தால் கடைசியில் உட்காருவாள், முடிந்ததும் முதலில் எழுந்து போவாள். கொள்முதல் நிலையங்களிலிருந்து லாரியில் வருகிற அரசாங்க நெல்லை அவித்து அரைத்துக் கொடுக்கிற மில் அது. தரையில் கொட்டுகிற நெல்லை ஒரு குழியிலிருந்து வாரி மேலே ஏற்றுகிற இயந்திரத்தைத்தான் அங்கே எலிவேட்டர் என்பார்கள். சிதறிய நெல்லைக் கூட்டிக் குழிக்குள் தள்ளுவது அவள் வேலை. குழியை ஒட்டி ஓடுகிற பெல்ட்டைச் சுற்றி ஒரு கம்பிக் கூண்டு இருந்தது. ரிப்பேருக்காக அதைக் கழற்றியவர்கள் திரும்ப மாட்டவில்லை. மாட்டுங்கள் என்று நாங்கள் கேட்டுக்கொண்டேதான் இருந்தோம்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மில் ஓடிக்கொண்டிருந்தது.

அதை நான் எதிர்பார்க்கவில்லை. தரையைக் கழுவி, பெல்ட்டைத் துடைத்து, மறுபடியும் ஓட்டிவிட்டிருந்தார்கள். ஈரம் இன்னும் காயவில்லை. குழிக்குப் பக்கத்தில் வேறொரு பெண் துடைப்பத்தோடு நின்றுகொண்டிருந்தாள். பெல்ட்டிலிருந்து இரண்டடி தள்ளி நின்றே கூட்டினாள்.

அப்படி ஒரு ஈரத்தரையை நான் இளவயதிலும் பார்த்திருக்கிறேன். நான் சினிமாவில் இருந்தவள். மயிலாடுதுறைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பதினைந்து வயதில் என் சித்தி என்னைச் சென்னைக்குக் கூட்டிப்போனாள். கறுப்பு வெள்ளைப் படங்களின் காலம் அது. சில வருஷம் கதாநாயகி, பிறகு கதாநாயகனின் தங்கை. என் முகம்தான் திரையில் வரும், குரல் வராது. என் குரல் கட்டைக்குரல் என்று சொல்லி எல்லாப் படத்திலும் வேறொரு பெண்ணைப் பேச வைத்தார்கள். ஒரு நாள் ஸ்டுடியோவில் பாட்டு ஒன்று எடுத்துக்கொண்டிருந்தோம். மேலே பலகையில் நின்று விளக்கைத் திருப்பிக்கொண்டிருந்த தொழிலாளி தவறி, எனக்கு ஓரடி தள்ளி விழுந்தார். அவரைத் தூக்கிக்கொண்டு போனதும் தரையைக் கழுவினார்கள். டைரக்டர் என்னிடம் வந்து, "ஒரு ஷாட்தான் பாக்கி. மேக்கப்பை சரி பண்ணிட்டு வந்துடுங்க, முடிச்சிடலாம்" என்றார்.

நான் மேக்கப் அறைக்குப் போனேன். முகத்தை அழுத்தித் துடைத்தேன். வெளியே வந்து, லைட்காரர்கள் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு மரத்தடியில் உட்கார்ந்திருந்த இடத்தில் நானும் உட்கார்ந்துகொண்டேன். எதற்கென்று யோசித்துச் செய்யவில்லை. அந்தப் படத்தில் என் வேஷத்தை வேறொருத்தி நடித்தாள். அதற்கப்புறம் வந்த படங்களும் அப்படியே கைமாறின. நான் பல வருஷம் ஸ்டுடியோத் தொழிலாளர் சங்கத்திலேயே கிடந்தேன். வயதான பிறகு, திருத்துறைப்பூண்டியில் தனியாக இருந்த என் அக்காவோடு இருக்கலாம் என்று வந்தேன். மில் பெண்கள் என்னைத் தேடி வந்தது அங்கேதான். "நாங்க போனா ஆபீஸ்ல ஒக்காரச் சொல்ல மாட்டேங்கிறாங்கம்மா. உங்க மூஞ்சியப் பாத்தா எந்திரிச்சு நிப்பாங்க" என்றார்கள். அவர்கள் சங்கத்துக்கு நான் தலைவி ஆனது இப்படித்தான்.

மில் மேனேஜர் எங்களைப் பார்த்ததும் வெளியே வந்தார். நான் எதுவும் கேட்பதற்கு முன்பே சொன்னார்: "பாவங்க அந்தம்மா. தவிடு வாங்க வந்துச்சு. தெரியாம உள்ள போயிடுச்சு."

"தவிடு வாங்கவா?"

"ஆமாங்க. நம்ம ஆளு இல்லையே அது."

ஒன்பது வருஷமாக அந்தக் குழியடியில் நின்றவள். செயலாளர் கத்த ஆரம்பித்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். மேனேஜர் பொய் சொல்கிறார் என்பதைவிட, அந்தப் பொய் எவ்வளவு சீக்கிரம் தயாராகியிருக்கிறது என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மில்லில் பாதிப் பேருக்குப் பெயர் பதிவே கிடையாது. அவள் தொழிலாளி இல்லை என்றாகிவிட்டால், கை போனதற்கு யாரும் பொறுப்பில்லை. நாளைக்கு வேறு யாருக்கு என்ன ஆனாலும் அவர்களும் தவிடு வாங்க வந்தவர்கள்தான்.

உள்ளே பெண்கள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சொன்னேன்: "அவ தவிடு வாங்கத்தான் வந்தான்னு நெனைக்கிறவங்க உள்ளயே இருங்க. மத்தவங்க வெளிய வாங்க."

மேனேஜர் திரும்பி அவர்களைப் பார்த்தார். பிறகு குழியடியில் நின்றாளே, அவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு வந்தாள். அவளுக்குப் பின்னால் ஒவ்வொருவராக எல்லாப் பெண்களும் வந்தார்கள். ஆண்களில் சுமை தூக்குகிறவர்கள் வந்தார்கள். பாய்லர் பார்க்கிற தம்பி மட்டும் வரவில்லை. பெல்ட்டை நிறுத்தி அவளை இழுத்து எடுத்தவன் அவன்தான். பாய்லர் வாசலில் நின்று எங்களைப் பார்த்தான். பிறகு உள்ளே போய்விட்டான்.

வாசலில் ஒரு பந்தல் போட்டு உட்கார்ந்தோம். அன்று மாலையே முதலாளி வந்தார். முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும், மரியாதை தெரிந்தவர். எனக்கு மட்டும் ஒரு நாற்காலியும் இளநீரும் கொண்டுவரச் சொன்னார். நான் தரையிலேயே இருக்கிறேன் என்றேன். அவரும் தயங்காமல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்தார்.

"எங்கப்பா உங்க படம் ஒண்ணு விடமாட்டாரும்மா. நீங்க இப்படி மண்ணுல ஒக்காந்திருக்கிறத அவர் பாத்தா என்னை வீட்டுக்குள்ள விடமாட்டாரு. அந்தம்மாவுக்கு வேண்டியத நான் செய்யறேன். உங்க கையால குடுங்க. ஒரு போட்டோ எடுத்துக்குவோம். உதவின்னு இருக்கட்டும். நம்ம ஆளுங்கிற பேச்சு மட்டும் வேணாம்."

"உதவி எதுக்கு தம்பி? அவ வேலை செஞ்சவ."

"அப்படி எழுதிக் குடுத்தா லைசென்ஸ் போயிடும்மா. மில்ல மூடணும். மூடினா இவங்கெல்லாம் எங்க போவாங்க?"

அவர் மிரட்டவில்லை. உண்மையிலேயே பயந்திருந்தார். அதனாலேயே எனக்குப் பதில் சொல்லக் கஷ்டமாக இருந்தது. அடிபட்டவளைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

மறுநாள் தஞ்சாவூர் போனேன். அவள் புருஷன் வார்டுக்கு வெளியே தரையில் குந்தியிருந்தார். முதலாளி சொன்னதைச் சொன்னதும் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "குடுக்கறத வாங்கிக்கலாம்மா. யாரு கூட நாங்க சண்டை போட முடியும்?" அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் இடத்தில் நான் இருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

அவள் தூங்குகிறாள் என்று நினைத்துத்தான் மெதுவாகப் பேசினோம். கட்டுப் போட்ட கையை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு, கண்ணை மூடியபடியே பேசினாள்.

"தவிடுன்னா சொன்னாங்க?"

"ஆமாம்மா."

"நான் வேலைக்குத்தாம்மா போனேன்." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "குடுக்கறது எதுவா இருந்தாலும் குடுக்கட்டும். ஆனா தவிடு வாங்கப் போனேன்னு சொல்லாதீங்க. ஊருல எம்பொண்ணு காதுல விழும். அம்மா எதையோ அள்ளப் போய்க் கையை விட்டுட்டான்னுதானே பேசுவாங்க?"

புருஷன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் கண்ணைத் திறந்து ஒரு பார்வை பார்த்தாள். அவர் எழுந்து வெளியே போய்விட்டார். நான் பஸ் ஏறித் திரும்பினேன். இனி பின்வாங்க வழியில்லை. ஜெயிக்க என்ன வழி என்றும் தெரியவில்லை.

அதற்குள் வேறொரு ஆபத்து வந்துவிட்டது. மில் நெல் எடுக்காததால் லாரிகள் சாலையோரம் வரிசையாக நின்றன. கொள்முதல் நிலையங்களில் மூட்டைகள் நகரவில்லை. அறுத்த நெல்லைக் களத்தில் கொட்டி வைத்துக்கொண்டு விவசாயிகள் காத்துக் கிடந்தார்கள். கிழக்கே மேகம் கட்ட ஆரம்பித்தது. மாசியில் ஒரு மழை பெய்தால் போதும், களத்தில் கிடக்கிற நெல் முளைத்துவிடும்.

நாலாம் நாள் காலை இரண்டு டிராக்டரில் விவசாயிகள் வந்து இறங்கினார்கள். வந்த வேகத்தில் ஒருவர் எங்கள் பந்தல் கயிற்றை அறுத்தார். பெண்கள் எழுந்து நின்றார்கள். நான் முன்னால் போனேன்.

"ஏம்மா, நீங்க மெட்ராஸ்ல நடிச்சது போதாதா? எங்க ஊருக்கு வந்து எங்க வயித்துல அடிக்கிறீங்களே!"

"நெல்லு முளைச்சா யாரு பொறுப்பு? நீங்களா? அந்த மில்லுக்காரனா?"

நான் பேசினேன். கூச்சலில் என் குரல் எடுபடவில்லை. முன்னால் நின்ற ஒருவர் திரும்பிப் பின்னால் இருந்தவரிடம், "இந்தம்மாதானா அது? குரல் வேற மாதிரி இருக்கே" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குச் சுருக்கென்றது. ஆனால் கூச்சல் கொஞ்சம் அடங்கியது.

"சினிமால கேட்டது என் குரல் இல்லங்க. இதுதான் என் குரல். நல்லாவும் இருக்காது. ரெண்டு நிமிஷம் கேளுங்க." நடந்ததைச் சொன்னேன். அவளைப் பற்றி, கூண்டு இல்லாத பெல்ட்டைப் பற்றி, தவிட்டைப் பற்றி. யாரும் குறுக்கே பேசவில்லை. முடித்ததும் தலையில் துண்டு கட்டிய ஒரு பெரியவர் கேட்டார்: "எல்லாம் சரி. எங்க நெல்லு என்ன பாவம் பண்ணுச்சு?"

வானத்தைப் பார்த்தேன். மேகம் இன்னும் கீழே இறங்கியிருந்தது. என் பக்கம் நின்ற பெண்களில் பாதிப் பேரின் அண்ணன் தம்பிகள் குத்தகைக்கு நிலம் எடுத்து உழுகிறவர்கள். அவர்கள் வீட்டு நெல்லும் ஏதோ ஒரு களத்தில் கிடந்தது.

"லாரி உள்ள போகட்டும். நம்ம ஆளுங்களே மூட்டைய எறக்கி குடோன்ல அடுக்குவாங்க. லாரி காலியானா களத்து நெல்லும் நகரும். மழைல ஒரு நெல்மணி நனைய வேணாம். ஆனா மெஷினத் தொட மாட்டோம்" என்றேன்.

செயலாளர் என்னை ஓரமாக இழுத்துக்கொண்டு போனாள். அவள் முகம் சிவந்திருந்தது. "என்னம்மா பண்றீங்க? நம்ம கையில இருந்தது அது ஒண்ணுதான். குடோன் ரொம்பிடுச்சுன்னா முதலாளிக்கு என்ன அவசரம்? வெளியூர்லேர்ந்து ஆள எறக்கி ஓட்டிடுவான்."

"ஓட்டலாம்."

"அப்புறம்?"

"தெரியல."

அவள் அதற்கப்புறம் அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. ஆனால் மூட்டை இறக்கும்போது முதல் ஆளாகத் தார்ப்பாயைப் பிடித்தவள் அவள்தான். மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த விவசாயிகளும் வந்து தார்ப்பாயின் மறுமுனைகளைப் பிடித்தார்கள். கடைசி லாரி உள்ளே போனதும், நனைந்துபோன துண்டைப் பிழிந்துகொண்டே அந்தப் பெரியவர் என்னிடம் வந்தார். "பேச்சுவார்த்தைக்குக் கூப்புடுங்கன்னு தாசில்தார்கிட்ட நாங்களும் சொல்றோம். நாங்க சொன்னா அவரு தட்ட முடியாது." சொல்லிவிட்டு டிராக்டரில் ஏறிக்கொண்டார்.

அவர்கள் சொன்னார்கள். இரண்டு நாளில் தாலுகா ஆபீசில் கூப்பிட்டார்கள். நீளமான மேஜைக்கு ஒரு பக்கம் நானும் செயலாளரும் உட்கார்ந்தோம், எதிரே முதலாளியும் மேனேஜரும். மேஜையின் முனையில் தாசில்தார். சுவரோரமாக விவசாயிகள் சார்பில் அந்தப் பெரியவர் நின்றுகொண்டிருந்தார்.

முதலாளி சொன்னார்: "நேர்ல பாத்தவன கூட்டிட்டு வந்திருக்கேங்க. அவனே சொல்லட்டும்."

பாய்லர் தம்பி உள்ளே வந்தான். இஸ்திரி போட்ட சட்டை. யாரையும் பார்க்காமல் தாசில்தாருக்குப் பின்னால் இருந்த ஜன்னலைப் பார்த்துப் பேசினான்.

"அந்தம்மா தவிடு வாங்குவதற்காக வந்தது. யாரும் கவனிக்காத நேரத்தில் இயந்திரத்தின் அருகில் சென்றுவிட்டது. நான் பார்த்து நிறுத்தினேன்."

செயலாளர் மேஜைக்கடியில் என் கையை இறுக்கிப் பிடித்தாள். பதிவேட்டில் அவள் பெயர் இல்லை, மில் பெண்கள் சொன்னால் சங்கத்துப் பேச்சு என்பார்கள்; அவன் சாட்சியை மறுக்க எங்களிடம் வேறு ஒன்றும் கிடையாது. தாசில்தார் பேனாவை எடுத்தார். "இன்னொரு தடவ சொல்லுப்பா, எழுதிக்கிறேன்."

அவன் மறுபடியும் சொன்னான். அதே வார்த்தைகள், அதே இடத்தில் மூச்சு, அதே இடத்தில் இறக்கம். வருஷக்கணக்காக அடுத்தவர் எழுதிக் கொடுத்ததை மனப்பாடம் பண்ணிச் சொன்னவள் நான். மனப்பாடம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அப்படிப் பேசுகிறவனைக் குறுக்கே மறித்து 'பொய் சொல்றே' என்றால், பயத்தில் இன்னும் கெட்டியாக அதையே பிடித்துக்கொள்வான். எழுதிக் கொடுக்காத ஒன்றைக் கேட்டால்தான் அவன் வாய் அவன் வாயாகும்.

"தம்பி, நான் ஒண்ணு கேக்கலாமா?" என்றேன். அவன் முதல் தடவையாக என்னைப் பார்த்தான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. சாட்சியைக் கேட்கிற குரலில் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்த பிள்ளையிடம் கேட்கிற மாதிரி மெதுவாகத்தான் கேட்டேன்.

"நீ ஓடி வந்தப்ப அவளுக்கு நெனவு இருந்துச்சாப்பா?"

"இருந்துச்சுங்க."

"ஏதாவது சொன்னாளா?"

"எம்பேரச் சொல்லிக் கூப்புட்டாங்க. நிறுத்து நிறுத்துன்னாங்க."

"எங்க இருந்தா அப்ப?"

"எப்பவும் நிக்கிற எடத்துலதாங்க."

சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்கே அது காதில் விழுந்தது. முகம் வெளுத்துவிட்டது. தாசில்தாரின் பேனா நின்றது.

"அவன் பதட்டத்துல உளறுறான்ங்க" என்றார் மேனேஜர்.

தாசில்தார் அவனையே பார்த்தார். "என்னப்பா, உளறுறியா?"

அவன் முதலாளியைப் பார்த்தான். அவர் தலை குனிந்திருந்தார். அந்த ஒரு கணத்தில் அவன் 'ஆமாங்க' என்று சொல்லியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். அவன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே நின்றான்.

"இல்லைங்க, உளறல. அந்தக்கா நான் வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடியிலேர்ந்து அங்கதான் நிக்கிறாங்க. கூண்டு இருந்திருந்தா கை போயிருக்காது."

சொல்லிவிட்டு, போகலாம் என்று யாரும் சொல்வதற்கு முன்பே வெளியே போய்விட்டான். சுவரோரம் நின்ற பெரியவர், "போதுங்களா?" என்று பொதுவாகக் கேட்டார். தாசில்தார் மறுபடி எழுத ஆரம்பித்தார்.

அன்று மாலையே முதலாளி அவளைத் தன் மில் தொழிலாளி என்று ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டார். கூண்டு மாட்டுகிறவரை மெஷின் ஓடாது என்றும் எழுதினார்கள். மில் மூடவில்லை. லைசென்சும் போகவில்லை. அவளுக்குச் சேர வேண்டியது கேஸில் இருக்கிறது, வாய்தா வாய்தாவாகப் போகிறது, நாங்களும் போகிறோம். ஆஸ்பத்திரியில் அவளிடம் செய்தியைச் சொன்னபோது அவள் அழவில்லை. "எழுத்துல இருக்கா?" என்று மட்டும் கேட்டாள். இருக்கிறது என்றேன். புருஷனைக் கூப்பிட்டு, பொண்ணுக்குப் போன் போடச் சொன்னாள்.

பெண்கள் வாசலில் சரவெடி கொளுத்தினார்கள். செயலாளர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். எனக்கு அதில் முழுசாக மனம் ஒட்டவில்லை. அடுத்த வாரமே பாய்லர் தம்பியை வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நிறுத்தியதற்கு ஏதோ காரணம் சொன்னார்கள். நாங்கள் போய்ச் சண்டை போட்டோம். அவனே, 'எனக்காக ஒண்ணும் பண்ண வேணாம்' என்று ஆள் விட்டனுப்பினான். என் குரலைத் தாழ்த்தி, அவனை இளக்கி, அவன் வாயிலிருந்து அதை எடுத்தவள் நான். உண்மைதான் வெளியே வந்தது என்றாலும், எடுத்த விதம் எனக்குத் தெரியும், இல்லையா.

வைகாசியில், மயிலாடுதுறைப் பக்கம் வேறொரு மில்லில் அவன் சேர்ந்திருக்கிறான் என்று தெரிந்தது. செயலாளரைக் கூட்டிக்கொண்டு போனேன். மில்லுக்குப் பின்னாலேயே ஒற்றை அறை வீடு. என்னைப் பார்த்ததும் திகைத்தான். பிறகு பாயை விரித்தான். அவன் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனவள் அப்புறம் வெளியே வரவில்லை. டீயை அவனே கொண்டுவந்து வைத்தான்.

"கோவமாப்பா என் மேல?"

"கோவம்னு இல்லைங்கம்மா." டம்ளரை என் பக்கம் நகர்த்தினான். "அன்னிக்கு வீட்டுக்குப் போயி நல்லாச் சாப்பிட்டேன். அதுக்கு முன்னாடி ஒரு வாரமா சோறு எறங்கல. அது ஒண்ணுதான் சொல்ல முடியும்."

செயலாளரால் சும்மா இருக்க முடியவில்லை. "இங்க பெல்ட்டுக்குக் கூண்டு இருக்கா?" என்று கேட்டாள்.

அவன் மில் பக்கம் பார்த்தான்.

"எத்தன பொம்பளைங்க வேலை பாக்கறாங்க? சங்கம் இருக்கா?"

"அதெல்லாம் இங்க கிடையாதுங்க" என்றான். சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "ஞாயித்துக்கெழம ரெண்டு பேரக் கூட்டிட்டு வந்தா பேசறீங்களா?" என்று கேட்டான்.

உள்ளேயிருந்து அவன் மனைவியின் குரல் வந்தது. "டீ ஆறுது. குடிச்சிட்டுக் கெளம்பச் சொல்லுங்க."